துரும்பை எப்போது இறக்குவது?



யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடு, செத்தவீடு, வாசிகசாலைத் திண்ணை என்று நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் விடியவிடிய நடக்கிற ஆட்டம் முந்நூற்றிநாலு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கடியில் என் அப்பு எனக்கு இதைப் பழக்கினார்.

32 சீட்டு, இரண்டு கட்சி. வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. எல்லாம் கூட்டினால் 304. 200 புள்ளி எடுப்பதாகக் கேட்டவரை விழுத்த எதிர்க்கட்சிக்கு 105 போதும். வீரனும் ஒன்பதும் ஆஸுக்கு மேலே நிற்கிற இந்த ஒழுங்கு ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்துத் துரும்பிலும் உண்டு. நாங்கள் சொல்கிற ஸ்கோப்பனும் (ஸ்பேட்) கலாவரையும் (கிளப்)கூட ஒல்லாந்துச் சொற்கள்தான்.

பிரிட்ஜில் துரும்பு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். இங்கே கேட்டவர் அதைக் குப்புற வைத்துவிடுகிறார். ஆட்டத்தின் அழகே அதுதான். ஆனால் துரும்பு திறந்தபிறகு, இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே கணக்கு: வெளியே எத்தனை துரும்பு நிற்கிறது?

துரும்பு ஸ்கோப்பன் என்று வையுங்கள். உங்கள் கையில் அதன் வீரன், ஒன்பது, பத்து, ஏழு. மிச்சம் நாலு வெளியே. வீரனை இறக்குகிறீர்கள்: கூட்டாளி எட்டுப் போடுகிறார், ஒரு எதிராளி இராணி போடுகிறார், மற்றவரிடம் துரும்பே இல்லை. அடுத்து ஒன்பது: அதே எதிராளியின் இராசா விழுகிறது, கூட்டாளியிடமும் துரும்பு முடிந்துவிட்டது. துரும்பிலேயே 55 புள்ளி சேர்ந்துவிட்டது. கை சூடாகி அடுத்ததாகப் பத்தைத் தூக்கும். அந்த இடத்தில்தான் அப்பு என் மணிக்கட்டைப் பிடிப்பார்: "தம்பி, விழுந்ததை எண்ணிப்போட்டுப் போடு."

எண்ணினால், நிற்பது அந்த எதிராளியிடம் இருக்கிற ஆஸ் மட்டும். பத்தை இறக்கினால் 21 புள்ளியை நாங்களே தூக்கிக் கொடுக்கிறோம். ஏழை இறக்கினால் 11தான் போகும். ஆனால் அவருடைய கூட்டாளி ஒரு வீரனை அதன்மேல் எறிந்தால் 41.

அதனால் மற்றச் சீட்டுகளைப் பாருங்கள். கலாவரையில் வீரன், ஒன்பது, ஆஸ் என்று நிற்கிறதா? துரும்பு ஏழைக் கொடுத்து எதிராளியின் துரும்பு ஆஸைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் 30 புள்ளி வீரனை அவர் வெட்டக்கூடும். மற்றச் சீட்டுகளில் பலமில்லையா? ஆஸ் அவரிடமே கிடக்கட்டும். எப்போது போட்டாலும் அவருக்கு ஒரு பிடிதான். பத்தும் ஏழும் உங்கள் கையில் வெட்டுவதற்குக் காத்திருக்கும்.