சுவருக்கு வெளியே கற்றவன்



1818-ஆம் ஆண்டு, தமது இருபதாம் வயதில், மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். விக்டர் பிராங்கென்ஸ்டைன் என்னும் இளைஞன் பிணங்களின் உறுப்புகளை இணைத்து ஓர் உருவத்திற்கு உயிரூட்டுகிறான். அதன் தோற்றம் கண்டு அருவருத்து, பெயர்கூட இடாமல் ஓடிவிடுகிறான்.

கல்லெறிந்து ஊரார் விரட்டிய அந்த உயிர், ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழ்கிறது. சுவரிலிருந்த இடுக்கே அவனுக்குப் பள்ளிக்கூடம். உள்ளே பெலிக்ஸ் என்பவன் சாபி என்னும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு மொழி கற்பிக்கிறான். வெளியிலிருந்து அதே பாடத்தைக் கேட்டவன் அவளைவிட விரைவில் தேறுகிறான். காட்டில் கண்டெடுத்த பெட்டியிலிருந்து மில்டனையும் புளூட்டார்க்கையும் கதேயையும் படிக்கிறான்.

பெலிக்ஸின் தந்தையார் பார்வையற்றவர். அவனுடைய பேச்சைக் கேட்டு அன்புடன் உரையாடுகிறார். அவ்வேளையில் உள்ளே வந்த பெலிக்ஸோ, உருவத்தைக் கண்டவுடன் தடியால் அடிக்கிறான். கற்ற கல்வி ஒரு நொடியில் கணக்கில் வராமற்போயிற்று.

பின்னர் அவன் கொலைகள் செய்கிறான். அவற்றை நியாயப்படுத்த இயலாது. ஆயினும் அத்தீமை எங்கிருந்து வந்தது? 1931-இல் வெளிவந்த ஹாலிவுட் திரைப்படம், அவனுக்குக் குற்றவாளியின் மூளையைப் பொருத்திக் காட்டியது. அவனை ஊமையாகவும் ஆக்கியது. மேரி ஷெல்லியின் நூலில் அப்படியொரு மூளையே இல்லை. அங்கு அவன் தன்னைப் படைத்தவன் முன் நின்று, பல அதிகாரங்களில் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கிறான். தான் நல்லவனாகவே இருந்ததாகவும், துன்பமே தன்னைக் கொடியவனாக்கியதாகவும் வாதிடுகிறான்.

இளைஞர்களே! ஒரு கூட்டத்தாருக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்போர் செய்வதும் இதுவே. முதலில் பேச்சைப் பறிப்பர். பிறகு பேசத் தெரியாதவன் என்பர்.

அவனுக்கு அறிவு இருந்தது, நூலும் கிடைத்தது. உடன் அமர்ந்து படிக்க ஒரு தோழன் மட்டும் கிடைக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இத்தகைய கல்விச் சங்கங்கள் தோன்றின. ஆகவே, படித்துப் பணியில் அமர்ந்தவர்கள் மாலையில் ஒரு மணி நேரமேனும் நம் தெருப் பிள்ளைகளோடு அமர்ந்து பாடம் சொல்லுங்கள். உள்ளே சென்றவர் கதவைத் திறந்து வைத்தால், எந்தப் பிள்ளையும் சுவர் இடுக்கில் கண் வைத்துக் கற்க நேராது.