மணி பவன்: மாடி ஏறும் முன்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரிலிருந்து உறவினர்கள் மும்பைக்கு வந்தால் சித்தி விநாயகர், மஹாலக்ஷ்மி, கேட்வே எல்லாம் காட்டுகிறோம். காம்தேவியில் லாபர்னம் சாலையிலுள்ள மணி பவன் மட்டும் விட்டுப்போகிறது. இத்தனைக்கும் கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம்.

அது காந்திஜியின் சொந்த வீடு அல்ல; நண்பர் ரேவாசங்கர் ஜகஜீவன் ஜவேரியுடையது. 1917 முதல் 1934 வரை மும்பை வந்தால் காந்திஜிக்கு அங்கேதான் ஜாகை.

1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து தேசம் முழுதும் ஹர்த்தால் என்ற யோசனை அவருக்கு உதித்தது சென்னையில், ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது. விடியற்காலை அரைத் தூக்கத்தில் தோன்றியதாக 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6 அன்று மும்பை சௌபாத்தியில் ஜனங்கள் திரண்டார்கள். அன்று மாலை, அரசு தடை செய்திருந்த 'ஹிந்த் ஸ்வராஜ்', 'சர்வோதயம்' புத்தகங்களை அவரும் சரோஜினி நாயுடுவும் காரில் எடுத்துச் சென்று விற்றார்கள். விலை நாலணா. ஒருவர் ஐம்பது ரூபாய் கொடுத்தாராம்! வாங்கினாலே ஜெயிலுக்குப் போக நேரலாம் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

1932 ஜனவரி 4 விடியுமுன் மணி பவன் மொட்டை மாடியில்தான் அவரைக் கைது செய்தார்கள். திங்கட்கிழமை, மௌன தினம். போலீஸ் அதிகாரிக்குக் காகிதத்தில்தான் பதில் எழுதிக் கொடுத்தார்.

1955-இல் காந்தி ஸ்மாரக நிதி வீட்டை ஏற்று நினைவகமாக்கியது. 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் தம்பதியர் வந்து தங்கினார்கள். 2010-இல் ஒபாமா வந்தார்.

மாடியில் அவருடைய அறை, ராட்டைகள், அவர் வாழ்க்கையைச் சொல்லும் பொம்மைக் காட்சிகள். நம் கொலு மாதிரியே இருக்கும். குழந்தைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள். நகர வேண்டாம். ஆனால் கீழ்த்தளத்தில் பல்லாயிரம் புத்தகங்களோடு நூலகம் இருக்கிறது. நான் போனபோதெல்லாம் கேமராக்கள் நேரே மாடிக்குப் போயின. மேஜையில் உட்கார்ந்து படித்தவர்கள் இரண்டு மூன்று பேர். நாலணா புத்தகத்துக்கு ஜெயிலையே துச்சமாக நினைத்த ஊரில் இது எனக்கு உறுத்துகிறது.

வருகிற பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். போகுமுன் ரௌலட் பற்றிய அத்தியாயங்களைத் தமிழிலேயே படித்துவிட்டு வரவேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. மாடி ஏற முடியாத மாமா, மாமிகளும் வரலாம், நூலகம் கீழேதான். பெயர் கொடுப்பவர்கள் காபிக்குப் பிறகு என்னைப் பாருங்கள்.