பொன்மொழியும் கணக்கும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கச் சுவர்களில் எழுதப்பெறும் பொன்மொழிகளை எவ்வாறு மதிப்பது? உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்தால் போதுமா? சொல்லுக்குச் சொல் உண்மையாகவும் இருத்தல் வேண்டுமா? கடன் வாங்குவோர்க்கும் ஜாமீன் நிற்போர்க்கும் இது வீண் விசாரணையன்று.

“சிறு துளி பெரு வெள்ளம்” என்பதை முதலில் நோக்குவோம். நூறு அங்கத்தினர் மாதம் ஆளுக்கு ஒரு ரூபாய் சேமித்தால், வருஷத்திற்கு 1,200 ரூபாய். பத்து வருஷத்தில், வட்டி நீங்கலாகவே, 12,000 ரூபாய். இம்மொழி உள்ளத்திற்கும் இனிது, கணக்கிற்கும் பொருந்தும்.

“துணிந்தவனுக்குத் துக்கமில்லை” என்பதோ அப்படியன்று. இதை நம்பிக் கடன் வாங்கிக் கிணறு வெட்டிய குடியானவர் ஒருவரை அறிவேன். பாறைதான் கண்டது, நீர் காணவில்லை. கடன் மட்டும் நின்றது. ஆகவே இம்மொழியைத் தள்ளிவிடலாமோ? கூடாது. துணிவில்லாத ஊரில் கிணறே இராது. ஆயினும் அது கடப்பாரை பிடிக்கும் கைக்கு உரியது. கடன் மனுவில் கையொப்பமிடும் கைக்கு உரியதன்று. மனு எழுதுமுன், பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் கோடையில் அவற்றில் நிற்கும் நீரையும் விசாரித்தறிவதே முறை.

“ஒவ்வொருவரும் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒவ்வொருவருக்காகவும்” என்பது மூன்றாவது. இதைக் கேட்டவுடன் கைதட்டுகிறோம். வெறும் அலங்காரமென்று எண்ணுகிறோம். உண்மையில் இது சட்டமாகவே இருந்தது. ஜெர்மனியில் ரைபீசன் 1864-ல் ஹெட்டெஸ்டார்பில் நிறுவிய கடன் சங்கத்தில் அங்கத்தினர் பொறுப்பு வரையறையற்றது. நம் நாட்டின் 1904-ம் வருஷத்துச் சட்டமும் கிராமச் சங்கங்களுக்குப் பொதுவாக அதனையே விதித்தது. சங்கம் நொடித்தால், ஒருவர் கட்டத் தவறியதைப் பிறரிடமிருந்தும் வசூலிக்க இடமிருந்தது. பின்னர்ப் பொறுப்பு வரையறுக்கப்பட்ட சங்கங்கள் பெருகின. எனினும் ஜாமீன்தாரரின் நிலை மாறவில்லை. வேறு நிபந்தனை இல்லாவிடில், அவர் பொறுப்பு கடனாளியின் பொறுப்பிற்குச் சமமானதென்பது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்.

சிநேகத்திற்காக ஜாமீன் நின்று, கடனாளி தவறியபின் தம் நெல்லை விற்றுக் கட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம், “அந்த வாக்கியத்தை நானும் கைதட்டிக் கேட்டேன், ஐயா. அது என்னைத்தான் சொல்லுகிறதென்று அப்பொழுது தெரியவில்லை” என்றார். அவர் சங்கத்தை விட்டு விலகவில்லை. மறு வருஷம் பஞ்சாயத்தாராக அமர்ந்து, ஒவ்வொரு மனுவிலும் கடன் எதற்கு, தவணை எவ்வழியில் கட்டப்படும் என்று தவறாமல் கேட்டு வந்தார்.

அங்கத்தினர்களே! பொன்மொழிகளுக்குத் தாராளமாகக் கைதட்டுங்கள். கையொப்பமிடுமுன் மட்டும், அது சொல்லுக்குச் சொல் உங்கள்மேல் வந்தால் தாங்குமா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.