“கரண்ட்” வைத்தால் மட்டும் போதுமா?

மூத்தோருக்கான சுகாதாரப் பேச்சின் எழுத்து வடிவம்



நான் மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. மொழிபெயர்ப்பாளர். சிகிச்சைக்கு வரும் மூத்தோர் தமிழில் சொல்வதைச் சிகிச்சையாளருக்கும், சிகிச்சையாளர் சொல்வதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்வது என் வேலை. அந்த அறையில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்: “இன்றைக்குக் கரண்ட் வைக்க மாட்டார்களா?”

முதல் சில தடவை கருவி வைப்பார்கள். பிறகு ஒருநாள், கருவியை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்வார்கள். “இதற்கா இவ்வளவு தூரம் பேருந்தில் வந்தேன்?” என்று சிலருக்கு முகம் வாடிவிடும். அடுத்த முறை வராமலே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அப்படி நின்றால் பலன் கிடைக்கப்போகும் நேரத்தில் அதை விட்டுவிடுகிறீர்கள்.

கரண்ட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் டென்ஸ் என்ற கருவிதான். தோலில் சிறிய பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்துடிப்பை அனுப்புவார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். முழங்கால் மேசையில் இடித்தால் உடனே கையால் தேய்க்கிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது அல்லவா? தொடு உணர்வு முதுகுத்தண்டை எட்டும்போது, வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் ஒரு கதவைப் பாதி சாத்திவிடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965ல் விளக்கினார்கள். டென்ஸ் செய்வதும் ஏறக்குறைய அதுதான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரி மருத்துவர் ஒருவர், கௌட் வலிக்கு மின்சாரம் பாய்ச்சும் மீனின் மேல் காலை வைக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நல்லவேளை, நமக்கு இரண்டு பட்டைகள் போதும்.

ஆனால் கதவைச் சாத்துவது வேறு, மூட்டைச் சரிசெய்வது வேறு. பட்டையைக் கழற்றிய சிறிது நேரத்தில் கதவு மறுபடியும் திறந்துகொள்ளலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானம் பற்றி 2022ல் வெளியிட்ட வழிகாட்டி, டென்ஸ், அல்ட்ராசவுண்ட், லேசர் போன்றவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. முழங்கால், இடுப்பு மூட்டுகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சையையும் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் யோசிக்கச் சொல்கிறது. எல்லாருக்கும் கொடுக்கச் சொல்வது உடற்பயிற்சியை.

கையால் செய்யும் சிகிச்சை நாம் வீட்டில் பிடித்துவிடுவது போன்றதல்ல. தோள் இறுகிப்போனவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். தலை வாரக் கை எழாது, சட்டை மாட்ட முடியாது. சிகிச்சையாளர் மூட்டைத் தாங்கிப் பிடித்து, சிறு சிறு அசைவாக இளக்கிக் கொடுப்பார். வலி தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் நீங்களே கையை அசைத்துப் பழகவேண்டும். வீட்டுக்குப் போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் தோள் மறுபடி இறுகும். முழங்காலும் அப்படித்தான். அதைத் தாங்குவது தொடைத் தசை. அந்தத் தசைக்கு வேலை கொடுத்தால்தான் வலு கூடும்.

கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்பட்ட குதிகால் வலிக்குச் சிலருக்கு அதிர்வலைச் சிகிச்சை தருவார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்க 1980ல் ஜெர்மனியில் தொடங்கிய முறையிலிருந்து வந்தது அது. ஆறாத புண்ணின்மேல் காற்றுப் புகாத உறை ஒட்டி, கசிவை உறிஞ்சி எடுக்கும் கருவியும் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அவர் சரியாக முடிவு செய்ய, நீங்கள் சரியாகச் சொல்லவேண்டும். தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, மரமரப்பு என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஆனால் சிகிச்சை அறைக்குள் வந்ததும் எல்லாமே “வலி” ஆகிவிடுகிறது! மரமரப்பை மட்டுமாவது தயவுசெய்து விடாமல் சொல்லுங்கள். நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. மற்றவருக்குச் சுகமாக இருக்கும் ஒத்தடம் உங்கள் காலில் கொப்புளமாகி, ஆறாத புண்ணாகலாம். அப்படிப்பட்ட காலில் வீட்டிலும் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். கோடாலித் தைலமோ வேறு தைலமோ தடவிய இடத்தின்மேல் யாருமே சூடு வைக்கக்கூடாது.

இதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் உலோகம், வலிப்பு நோய், புற்றுநோய், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் கருவியை இயக்குமுன் சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தால் நீவி விடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 995ஐ அழையுங்கள்.

கடைத்தொகுதிகளில் விற்கும் கருவிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். தேய்ந்த மூட்டை வளரவைக்கும் என்று சொல்லி விற்றால் நம்பவேண்டாம். வலிக்கு ஓர் ஆறுதலாக டென்ஸ் வாங்க நினைத்தால், பணம் கட்டுமுன் உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

பேசியது போதும். எல்லாரும் நாற்காலியின் நுனிக்கு வாருங்கள். வீட்டில் செய்யும்போது நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும், சக்கரம் வைத்தது வேண்டாம். பாதம் இரண்டும் தரையில், தோள் அகலத்துக்கு. உடம்பை முன்னால் சாய்த்து மெதுவாக எழுங்கள். கை ஊன்ற வேண்டியிருந்தால் ஊன்றிக்கொள்ளுங்கள், தவறில்லை. உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணி உட்காருங்கள். தலைசுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திக் கை தூக்குங்கள். ஐந்து முறை செய்வோம். ஒன்று...