சிசுவின் பிராணனும் மின்சார யந்திரமும்

(ஆலங்குளம் உறவின்முறைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது கலியாண மண்டபத்தில் ஏ.இ.டி. என்னும் இருதய யந்திரம் ஒன்று வாங்கி வைக்கலாமென்று யோசனை எழுந்திருக்கிறது. "கைக்குழந்தைக்கு மின்சாரம் பாய்ச்சுவதா?" என்று தாய்மார் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் இயல்பே. ஆயினும் விஷயத்தை விளங்கிக்கொள்ளாத அச்சத்தால் ஒரு குழந்தையின் உயிர் போகுமாயின் அது நமக்கு அடுக்குமா?

இவ்யந்திரம் இருதயத்தின் போக்கைத் தானே ஆராயும். இருதயம் தாறுமாறாகத் துடித்து இரத்தத்தைச் செலுத்த மாட்டாத நிலையில் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும். மற்றபடி பொத்தானை அழுத்தினும் கொடாது. ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கும் இதனை உபயோகிக்கலாமென்று அமெரிக்க இருதயச் சங்கத்தார் 2010-ஆம் ஆண்டில் விதித்தனர். வைத்தியர் அளவு பார்த்துக் கையாளும் யந்திரமே சிசுவுக்குச் சிறந்தது. அஃதில்லாவிடில், சக்தியைக் குறைத்தளிக்கும் குழந்தைப் பட்டைகளுடன் கூடிய ஏ.இ.டி.; அதுவுமில்லாவிடில் பெரியவர்களுக்குரியதே ஆகும். பட்டைகள் ஒன்றையொன்று தொடாதவாறு ஒன்றை நடுமார்பிலும் மற்றதை நடுமுதுகிலும் ஒட்டல் வேண்டும்.

ஆனால் இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பெரியவர்க்கு இருதயம் முன்னே நின்று மூச்சுப் பின்னே நிற்பதே மிகுதி. சிசுக்களுக்கோ பெரும்பாலும் மூச்சு முன்னே தடைப்பட்டு இருதயம் பின்னே நிற்கும். புரையேறிய பாலும், தமக்கை ஆசையாய் ஊட்டிய கடலைப்பருப்பும் போதும். ஆதலின் யந்திரம் வருமுன் கைகள் வேலை செய்தாக வேண்டும்.

அசைவும் மூச்சுமற்ற குழந்தையைக் கடினமான தளத்தில் கிடத்துக. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் நடுமார்பை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை வீதம் அழுத்துக. 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு. பயின்றவர் இருவராயின் 15-க்கு 2. குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி, மார்பு எழும்பும் அளவே ஊதுக. யந்திரம் வந்ததும் அது சொல்லும்படி நடக்க. அதிர்ச்சியின்போது எவரும் குழந்தையைத் தொடலாகாது. அது முடிந்ததும் தாமதமின்றி மீண்டும் அழுத்துக.

விருதுநகரில் 2022-இல் அரசினர் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது நம் ஜில்லாவின் பாக்கியம். எனினும் வண்டி அங்கே போய்ச் சேரும்வரை நின்ற இருதயம் காத்திராது. மூளை சில நிமிஷங்களே தாங்கும்.

தாய்மார் பலர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் இப்பக்கத்தில் குழந்தைகள் பாட்டிமார் கையிலும் மூத்த பிள்ளைகள் கையிலுமே வளர்கின்றன. ஆகவே யந்திரத்தைக் குழந்தைப் பட்டையுடன் வாங்குங்கள். அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பட்டையின் காலாவதித் தேதியைப் பார்த்து வாருங்கள். அதற்கும் முன்னதாக, மருத்துவர் ஒருவரை அழைத்து அப்பாட்டிமார்க்கும் பிள்ளைகளுக்கும் பயிற்சி அளியுங்கள். பணம் யந்திரத்தை வாங்கும். பழகிய கையே பிராணனை மீட்கும்.