கடலின் நிறம் சொல்லும் சேதி



மீனவருக்குத் தண்ணீரின் நிறம் தெரியும். நீவாடு தெரியும். பறவைகள் கூட்டமாக இறங்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் படகில் இருந்து பார்த்தால் கண் எவ்வளவு தூரம் எட்டும்? சில மைல் தூரம்தான்.

செயற்கைக்கோளின் கண் பெரியது. கடலைப் பார்ப்பதற்காகவே இந்தியா 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 என்ற செயற்கைக்கோளை ஏவியது. அது 720 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. பின்னர் 2009இலும் 2022இலும் அதே வரிசையில் புதியவை ஏவப்பட்டன.

அவ்வளவு உயரத்தில் இருந்து என்ன தெரியும்? மீன் தெரியாது. நிறம் தெரியும். கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மிதக்கின்றன. அவற்றிலும் இலையில் உள்ள பச்சையம் உண்டு. பாசி மிகுந்த இடத்தில் நீலக் கடல் பச்சை கலந்து தெரியும். நுண்பாசியை மத்தி தின்னும். மத்தியைச் சூரையும் வஞ்சிரமும் தின்னும். பாசி இருந்தால்தான் மீன் உண்டு. மேகம் மூடினால் மட்டும் இந்த நிறம் தெரியாது.

புனே நகரில் கடல் இல்லை. ஆனால் அங்கே கடலைப் படிக்கிறார்கள். ஏன்? பருவமழை கடலில் இருந்துதான் வருகிறது. 1962இல் தொடங்கிய இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. அதன் விஞ்ஞானி ராக்சி மேத்யூ கோலும் அவரது குழுவினரும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் காட்டிய நிறத்தைப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் இல்லாத பழைய ஆண்டுகளுக்குக் கணினியில் கணக்கிட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், 60 ஆண்டுகளில், நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்துவிட்டது என்று தெரிந்தது.

காரணம் என்ன? வெப்பம். குளத்தில் குளிப்பவருக்கு இது புரியும். வெயில் நேரத்தில் மேல்தண்ணீர் சுடும். காலடியில் சில்லென்று இருக்கும். சூடான நீர் இலேசானது, மேலேயே நிற்கும். கடலில் பாசிக்கு வேண்டிய சத்து அடியில்தான் அதிகம். மேல்நீர் சூடாகச் சூடாக, அடிநீர் மேலே வந்து கலப்பது குறைகிறது. பாசி பட்டினி கிடக்கிறது.

கடல் ஏன் சூடாகிறது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரியும்போது வரும் கரிவாயு பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அப்படித் தங்கும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையம் கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து, மீன் கிடைக்கக்கூடிய இடத்தை மீனவருக்குச் சொல்கிறது. எந்தத் திசை, எத்தனை தூரம், எவ்வளவு ஆழம் என்பது தமிழிலும் வருகிறது. அலைச்சல் குறைகிறது. டீசல் மிச்சமாகிறது.

நல்ல உதவிதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மீன் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் காட்டும். இல்லாத மீனை அதனால் கொண்டுவர முடியாது. கடலைக் காக்கும் வேலை மனிதர் கையில்தான் இருக்கிறது.