சைப்ரஸ் போகிறீர்களா? இறங்கும் இடத்தைப் பாருங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாடு என்றால் சிங்கப்பூர், வளைகுடா என்றுதான் கிளம்புவார்கள். இப்போது மத்தியதரைக் கடல் தீவான சைப்ரஸின் பெயரும் காதில் விழுகிறது. உங்கள் வீட்டிலிருந்து யாராவது போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: விமானம் எங்கே இறங்குகிறது?

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் போன்ற ஊரில் மாற வேண்டும். டிக்கெட்டில் லார்னகா அல்லது பாஃபோஸ் என்றிருந்தால் அது சைப்ரஸ் குடியரசு. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள நாடு. எர்ஜான் என்றிருந்தால் அது தீவின் வடபகுதி. 1974-இல் துருக்கிப் படை வந்ததிலிருந்து தீவு பிரிந்து கிடக்கிறது. வடக்கைத் தனி நாடாகத் துருக்கி மட்டுமே ஏற்றிருக்கிறது. எர்ஜான் வழியாக வருவதைச் சட்டவிரோத நுழைவாகவே குடியரசு கருதுகிறது. நம் இந்தியத் தூதரகமோ எல்லைக் கோட்டுக்குத் தெற்கே, நிக்கோசியாவில் இருக்கிறது. வடக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளை அங்கே போய் நிற்பது எளிதல்ல.

வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால், ரசீது தர மறுத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

நகையை அடகு வைப்பதற்கு முன் டிக்கெட்டை ஒருமுறை நாலு பேரிடம் காட்டுங்கள்.